பட்டியலில் வராத பெயர்

(கல்லறைத் திருநாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



நவம்பர் 2 நெருங்கும்போது நம் பங்குகளில் எல்லாம் ஒரே காட்சிதான். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். ஓசூர்ப் பூச்சந்தையில் சாமந்தி விலை ஏறுகிறது. கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, இறந்தோரின் பெயர்களை எழுதித் தரும்படி தாள்கள் வைக்கிறோம். மாதம் முழுவதும் அந்தத் தாள்கள் பீடத்தின் அருகே ஒரு பெட்டியில் இருக்கும். அவர்கள் எல்லாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்.

நம் பகுதிக் கல்லறைத் திருநாளுக்கு இன்னொரு குணமும் உண்டு. இங்கே வாழ்கிறவர்களில் பலருக்கு இங்கே கல்லறை கிடையாது. அப்பாவின் கல்லறை தூத்துக்குடிக் கடற்கரை ஊரில் இருக்கும். பாட்டியின் கல்லறை குமரியிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும். சிப்காட்டில் வேலை கிடைத்ததும் பெட்டியோடு வந்தவர்கள் நாம். விடுப்புக் கிடைத்தவர்கள் இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகிறார்கள். கிடைக்காதவர்கள் மெழுகுதிரியோடு நம் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறார்கள். வந்து, யாரும் வராத ஒரு பழைய கல்லறையைத் தேடி, அதன்மேல் ஏற்றிவிட்டு, தங்கள் அப்பாவுக்காகச் செபிக்கிறார்கள். இதை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இறையியல் படித்தவர்கள் எழுதுகிற பல பக்கங்களைவிட இந்தச் செயலில் விசுவாசம் தெளிவாக இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் அந்த மேசையருகே நடந்த ஒன்றை இன்று சொல்ல வேண்டும். அதில் நாம் தவறினோம். ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளராக வேலை செய்யும் ஓர் இளைஞர், இரவு ஷிப்ட் முடிந்து நேராகக் காலைத் திருப்பலிக்கு வந்திருந்தார். தாளில் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று எழுதினார். கடைசியாக ஒரு பெயர். அது கிறிஸ்தவப் பெயர் அல்ல. "இது யாரு தம்பி?" என்று கேட்டோம்.

"என்கூடப் படிச்சவன் ஃபாதர். அத்திப்பள்ளியில செத்துப்போனான்."

"இது நம்ம விசுவாசிகளுக்கான பட்டியல் தம்பி. அவருக்காக நீங்க தனியா செபம் பண்ணிக்குங்க" என்றோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி, "அப்ப அவன் எங்க ஃபாதர் போவான்?" என்று கேட்டார். சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நாம் ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது நமக்கே நினைவில்லை. அவ்வளவு வெறுமையான பதில் அது.

அத்திப்பள்ளி நமக்கு எவ்வளவு தூரம்? ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஆண்டு அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த பட்டாசுக் கடையில் தீப்பற்றியது. அன்று மட்டும் 14 பேர் இறந்தார்கள். பின்பு மருத்துவமனையிலும் உயிர்கள் போயின. இறந்தவர்கள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பலர் மாணவர்கள். படிப்புச் செலவுக்கும் பண்டிகைச் செலவுக்கும் நாலு காசு சம்பாதிக்கச் சில வார வேலைக்குப் போனவர்கள். தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டையிலிருந்து மட்டும் பலர். ஒரே ஊருக்குள் வரிசையாக உடல்கள் வந்தன. அதற்கு முன்பே ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து, அதிலும் சாவுகள். அந்த ஆண்டு நவம்பரில் நம் பகுதியில் யார் வீட்டில் பேசினாலும் பேச்சு இதற்கே வந்து நின்றது.

அந்த இளைஞரின் கேள்விக்கு இப்போது வருவோம். திருமுழுக்குப் பெறாத ஒருவர், ஒப்புரவோ நோயில்பூசுதலோ இல்லாமல், ஒரு நொடியில் எரிந்து இறக்கிறார். அவருக்காகத் திருப்பலியில் வேண்டலாமா? வேண்டினால் பயன் உண்டா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நாம் சட்டத்தின் பின்னால்தான் ஒளிந்துகொண்டோம். 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பில் 901-ஆவது சட்டம் ஒரே வாக்கியம். உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்க அருள்பணியாளருக்கு உரிமை உண்டு என்பதே அதன் கருத்து. கத்தோலிக்கர் என்றோ திருமுழுக்குப் பெற்றவர் என்றோ அதில் வேலி போடவில்லை. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம்! இதுமட்டுமா? நாம் ஒவ்வொரு நாளும் சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் மன்றாட்டில், கிறிஸ்துவின் அமைதியில் துயில்கொள்வோரை நினைத்தபின், யாருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ அப்படி இறந்த எல்லாரையும் நினைக்கிறோம். மூன்றாம் மன்றாட்டிலும், நம் சகோதரர் சகோதரிகளோடு, கடவுளுக்கு உகந்தவராய் இவ்வுலகை விட்டுப்போன எல்லாருக்காகவும் வேண்டுகிறோம். பீடத்தில் நின்று இதைச் சொன்ன அதே வாயால் மேசையருகே வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறோம்.

சட்டம் கதவைத் திறந்துவைக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைநூல் காட்டுகிறது. மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து முழுவதும் வாசியுங்கள். இறந்தோருக்காகச் செபிப்பதற்கு ஆதாரமாக இதை மறைக்கல்வியில் எப்போதும் சொல்கிறோம். ஆனால் பாதியைத்தான் சொல்கிறோம். யூதா மக்கபேயும் அவர் ஆட்களும் போரில் விழுந்த தங்கள் தோழர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். உடல்களைத் தூக்கும்போது ஒவ்வொருவர் உடைக்குள்ளும் யாம்னியா ஊர்த் தெய்வங்களின் தாயத்துகள் இருக்கின்றன! யூதச் சட்டம் தடைசெய்த பொருள். அந்தத் தாயத்தோடேயே செத்திருக்கிறார்கள். யூதா என்ன செய்தார்? பட்டியலில் கோடு போடவில்லை. ஆள்தோறும் காசு பிரித்து, ஏறத்தாழ 2,000 வெள்ளி திராக்மா சேர்த்து, அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பிவைத்தார். உயிர்த்தெழுதல் உண்டென்று நம்பியதால் அவர் அதைச் செய்தார் என்று நூலாசிரியர் பாராட்டுகிறார். அவர்கள் யூதர்கள்தானே, வேற்று மக்கள் அல்லரே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கல்வாரியில் நம் ஆண்டவர் முதன்முதலாக விண்ணகத்தை வாக்களித்தது யாருக்கு? திருமுழுக்குப் பெறாத, அப்போஸ்தலர் பிரமாணம் தெரியாத, கடைசி மூச்சில் பேசிய ஒரு குற்றவாளிக்கு.

இதனால் திருமுழுக்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது. கிறிஸ்து வழியாகவே அன்றி யாரும் மீட்படைவதில்லை. இதில் திருஅவை தளர்ந்ததே இல்லை. ஆனால் கிறிஸ்துவின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அளந்துசொல்லும் உரிமையை அவர் நமக்குத் தரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1964-இல் வெளியிட்ட திருஅவை பற்றிய ஏட்டிலும் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருஅவை பற்றிய ஏட்டிலும் இதைத் தெளிவாகப் பேசுகிறது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சியின் குரலைக் கேட்டு நேர்மையாக வாழ முயல்பவர் மீட்படைய முடியும். கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார், கடவுள் மட்டுமே அறிந்த வழியில், எல்லாருக்கும் அளிக்கிறார். திருஅவை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. நரகம் உண்டென்றும், மனிதன் தன் விருப்பத்தால் அங்கே போக முடியும் என்றும் கற்பிக்கிறது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி ஒருமுறையும் அறிவித்ததில்லை.

அடுத்தது, திடீர்ச் சாவு. நல்மரணம் கேட்டுப் புனித சூசையப்பரிடம் மன்றாடும் மரபு நமக்கு உண்டு. நல்ல மரபு, விடவேண்டாம். ஆனால் ஆயத்தமில்லாமல் செத்தால் கடவுளும் ஆயத்தமில்லாமல் இருப்பார் என்று ஒரு பயம் நமக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அகால மரணம் அடைந்தவர் அலைவார் என்ற ஊர்ப்பேச்சும் அதோடு சேர்ந்துகொள்கிறது. விபத்து நடந்த இடத்தை இரவில் கடக்கும்போது சிலுவை அடையாளம் போடுகிறவர்களைக் கேளுங்கள்: இறந்தவருக்காகப் போடுகிறீர்களா, இறந்தவர்மேல் உள்ள பயத்தால் போடுகிறீர்களா? (நம் உபதேசியார் ஒருவரிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே "ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சாமி" என்றார்.)

பிரான்சு நாட்டில் ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று பங்குக் குருக்கள் எல்லாருக்கும் தெரியும். பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் மனைவி, துக்கத்தில் பேச்சற்று, அவரைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்கிறார். வியான்னி தாமாகவே அவரிடம் வந்து, பாலத்தை விட்டு நீரைத் தொடுமுன் இருந்த அந்தச் சிறு பொழுதில் உன் கணவர் மனம் திரும்பினார், அவருக்காகச் செபி என்ற பொருளில் சொல்லி அனுப்பினாராம். நமக்கு ஒரு நொடி என்பது ஒரு நொடி. கடவுளுக்கு அது போதும். தீக்கும் புகைக்கும் நடுவே அந்தப் பிள்ளைகள் யாரை அழைத்தார்கள், யாரை வெளியே தள்ளிக் காப்பாற்றப் பார்த்தார்கள், அம்மா என்று எத்தனை முறை கத்தினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அதைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார்.

இறந்தபின் தூய்மை பெறும் நிலையை, நம் பெரியவர்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலத்தை, இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய பிரசங்கங்களில் அது பெரிய அடுப்பாகவே இருக்கும். பட்டாசுத் தீயில் மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று அடுப்பைப் பற்றிப் பேச யாருக்காவது மனம் வருமா? திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இறையியலாளர் சிலரின் கருத்தொன்றை ஏற்று விளக்குகிறார்: சுட்டெரித்துக் குணமாக்கும் அந்தத் தீ கிறிஸ்துவே. அவர் பார்வையின் முன் நிற்கும்போது நம் பொய்கள் கருகிப்போகின்றன. அது வலிக்கும், ஆனால் அன்பின் வலி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தொழிற்சாலை மொழியில் சொன்னால் சட்டென்று புரிகிறது. வார்ப்பிலிருந்து வரும் பாகத்தில் பிசிறு இருக்கும். அதைக் கழிவுத் தொட்டியில் போடுவதில்லை. "ரிஜெக்ஷன்" வேறு, "ரீவொர்க்" வேறு என்று சோதனை செய்யும் தம்பிகளுக்கு நன்றாகத் தெரியும். பிசிறு நீக்கி, தேய்த்து, அளவு சரிபார்த்து, வண்டியில் பொருத்தவே அதை எடுத்துவைக்கிறோம். தூய்மை பெறும் நிலையில் இருப்பவர்கள் கழிக்கப்பட்டவர்கள் அல்லர். உறுதியாக விண்ணகம் சேர இருப்பவர்கள். பாகம் தன் பிசிறைத் தானே நீக்கிக்கொள்ளாது. அதற்கு ஒரு கை வேண்டும். கை கடவுளுடையது, நம் செபமும் திருப்பலியும் அந்தக் கையோடு சேர்ந்துகொள்கின்றன. உவமை இதோடு நிற்கட்டும். மனிதன் இரும்புத் துண்டு அல்ல, நேரம் பார்த்துக் கணக்கிட அது ஷிப்டும் அல்ல.

உடல் பற்றி ஒரு பெரிய பயம் உண்டு. அந்த நாட்களில் ஒரு தாய் நம்மிடம் கேட்டது: "முகமே தெரியலன்னு சொல்றாங்க சாமி. அப்படி எரிஞ்சுபோன உடம்பு எப்படி உயிர்த்தெழும்?" கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் குன்றில், கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்துப் பழங்காலத்து மக்கள் இறந்தோருக்குக் கட்டிய வீடுகளை இன்றும் காணலாம். சாவோடு எல்லாம் முடிவதில்லை என்ற உணர்வு இந்த மண்ணில் கிறிஸ்தவம் வருமுன்பே இருந்தது. ஆனால் கல்வீடு காப்பாற்றியா உடல் உயிர்க்கும்? திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது விதையைக் காட்டுகிறார். விதைத்தது அப்படியே முளைப்பதில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கடினமா? அதனால்தான் 1963 முதல் உடலை எரிப்பதையும் திருஅவை அனுமதிக்கிறது. அடக்கம் செய்வதையே விரும்பினாலும், எரித்தவருக்கு உயிர்ப்பு இல்லை என்று அது கருதுவதில்லை. 2016-இல் வந்த விளக்கம், அஸ்தியைத் தூவிவிடாமல், வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. ஒகேனக்கல்லில் கரைக்கலாமா என்று கேட்கும் நம் குடும்பங்களுக்கும் இதுவே பதில். கல்லறை நிலத்தின் விலை ஏறிவரும் நம் ஊரில் இதைப் பற்றிப் பங்குப் பேரவை ஒருநாள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையை சுனாமி அடித்தது. ஊர்க்காரர்களோடு எங்கிருந்தோ வந்த திருப்பயணிகளும் மாண்டார்கள். பெயர் தெரியாத உடல்களை மொத்தமாகப் புதைத்தார்கள். அந்தக் குழிகளின் முன் நின்ற குருக்கள் எந்த உடல் எந்தச் சமயம் என்று பிரித்துப் பார்த்தா செபித்திருப்பார்கள்? எல்லாருக்கும் சேர்த்தே செபித்தார்கள். இன்றும் அங்கே நினைவிடத்தில் மெழுகுதிரி ஏற்றுபவர்கள் அப்படித்தான் ஏற்றுகிறார்கள். அங்கே நமக்கு வந்த தெளிவு, கோயில் வாசல் மேசையருகே வராமல் போனது.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறோம். புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா. 387-ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவிலுள்ள சொந்த ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்று இறந்தார். கணவருக்குப் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று பல காலம் ஆசைப்பட்டு, அதற்கு இடமும் ஏற்பாடு செய்துவைத்திருந்தவர். கடைசியில் பிள்ளைகளிடம் அந்த ஆசையை விட்டுவிட்டார். உடல் எங்கே கிடந்தாலும் கவலை வேண்டாம், பீடத்தருகே தன்னை நினைத்தால் போதும் என்பதே அவர் கேட்டது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அந்தத் தாயை மிக நன்றாகப் புரிகிறது. அவர் கேட்டது நிலமல்ல, கல்லல்ல. பீடத்தருகே ஓர் இடம். அந்த இளைஞரும் தம் நண்பருக்காக அதைத்தான் கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவரைத் தேடினோம். அறை நண்பர்களிடம் விசாரித்தோம். ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். கைப்பேசி எண் மாறியிருந்தது. பெட்டியைத் திறந்து அவருடைய தாளை எடுத்துப் பார்த்தோம். ஒரே கோடுதான் போட்டிருந்தார், அழுத்தமாகக்கூட இல்லை. அடியில் பெயர் நன்றாகவே தெரிந்தது. வேறு தாளில் அந்தப் பெயரைத் திருத்தமாக எழுதிப் பீடத்தில் வைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். அத்திப்பள்ளியில் இறந்த மற்றவர்களையும், பழையபேட்டையில் இறந்தவர்களையும் அதோடு சேர்த்துக்கொண்டோம். அன்றுமுதல் மேசையில் தாள் வைக்கும்போது யாரிடமும் "இது யாரு" என்று கேட்பதில்லை.

இந்த ஆண்டும் நவம்பர் 2 மாலை கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி. முதல் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு வசதியாக ஐந்தரை மணிக்குத் தொடங்கி, பின்பு கல்லறைகளை மந்திரிப்போம். வேறு சமயத்து நண்பர்களின் பெயரையும் தயங்காமல் எழுதித் தாருங்கள்.

தம்பி, நீங்கள் இந்த வானொலியை எந்த ஊரிலிருந்தாவது கேட்டுக்கொண்டிருந்தால்: உங்கள் நண்பரின் பெயர் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படுகிறது. உங்கள் தாத்தா பாட்டி பெயர்களுக்கு அடுத்து, நீங்கள் எழுதிய அதே வரிசையில்.